திலக் நகரிலிருந்து சூலியா தெருவுக்கு

மும்பையின் ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கிறது திலக் நகர் ஸ்டேஷன். ஒட்டினாற்போல லோகமான்ய திலக் டெர்மினஸ். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் போகும் வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பதால், பெட்டியும் மூட்டையுமாக ஆட்கள் நடக்காத நேரமே இந்தப் பக்கம் கிடையாது. மழைக்காலத்துச் சனிக்கிழமை இரவுகளில் இன்னொரு கூட்டத்தையும் பார்க்கலாம். முதுகில் பை, காலில் சேறு படிந்த ஷூ, இருபது இருபத்திரண்டு வயது. குர்லாவில் இறங்கி மாறி, கடைசி கசாரா லோக்கலைப் பிடித்து, விடிவதற்குள் கல்சூபாய் ஏறிவிட வேண்டும் என்று போகிறவர்கள். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம் அது, 1,646 மீட்டர். இந்த ஆண்டு கல்சூபாய், அடுத்த ஆண்டு ஹரிஷ்சந்திரகட் என்று சுற்றுகிற இதே கூட்டம்தான் இப்போது கோலாலம்பூருக்கும் பாங்காக்குக்கும் விமான டிக்கெட் விலை பார்க்கிறது. வீட்டில் சொன்னதும் வருகிற முதல் பதிலும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "முதல் தடவை வெளிநாடு போறே, பேசாம ஒரு டூர்காரங்களோட போயிட்டு வா." அந்த அறிவுரையில் அக்கறை இருக்கிறது. ஆனால் அது தவறான அறிவுரை என்றே நான் நினைக்கிறேன். முதல் வெளிநாட்டுப் பயணத்தை மூன்று நான்கு நண்பர்களோடு, முதுகுப்பையோடு, சொந்தப் பொறுப்பில் செய்யலாம். அதற்கு ஏற்ற இடம் கடற்கரையோ மலையோ இல்லை, பெருநகரம். மும்பையில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்கான பயிற்சியில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

முதுகுப்பைப் பயணம் ஒரு காலத்தில் எதிர்த்திசையில் நடந்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புலில் தொடங்கி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்கும் காத்மாண்டுவுக்கும் வந்தார்கள். டோனி வீலர், மொரீன் வீலர் தம்பதி அப்படி ஆசியாவைக் கடந்த அனுபவத்தைக் கொண்டு 1973இல் போட்ட சிறு கையேடுதான் லோன்லி பிளானட் பதிப்பகத்தின் ஆரம்பம். 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை; அந்தத் தரைவழி அடைபட்டது. இங்கிருந்து அங்கே போக நினைத்த இந்திய இளைஞனுக்கோ வழி திறந்திருந்ததே இல்லை. தடுத்தது பணம் மட்டுமா என்றால் இல்லை, விசா. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, முதலாளியின் கடிதம் என்று கேட்டால் கல்லூரி முடித்த கையோடு இருக்கும் ஒருவர் எதைக் கொண்டுபோய் நீட்டுவார்? அந்த நிலை 2023இன் கடைசியில் நம் பக்கத்து நாடுகள் அளவிலாவது மாறியது. நவம்பர் 10 முதல் தாய்லாந்தும், டிசம்பர் 1 முதல் மலேசியாவும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமல் அனுமதித்தன. மலேசியாவில் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகையை 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட விதிகள் திடீரென்று மாறக்கூடியவை, ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாட்டின் குடிவரவுத் துறைத் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், பிறகு உள்ளூர்க் காவல் நிலையத்தின் சரிபார்ப்பு, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் இணையவழி வருகைப் படிவம். காகித வேலை அவ்வளவுதான்.

பெருநகரம் ஏன் என்ற கேள்விக்கு வருவோம். தீவுக்கும் மலைக்கும் போனால் வண்டி வேண்டும், வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், இல்லையென்றால் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதே விலை. பெருநகரத்தில் பெரும்பாலானவற்றுக்கு விலை எழுதிப் போட்டிருக்கும். ரயில் தடங்களுக்கு நிறமும் எண்ணும் உண்டு, நிலையங்களுக்குப் படம் உண்டு, நள்ளிரவுக்குச் சோறு உண்டு, அவசரத்துக்கு மருத்துவமனை உண்டு. மொழி தெரியாதவரும் தடுமாறாமல் நடமாட வேண்டும் என்பதற்காகவே உருவான ஏற்பாடுகள் இவை. இந்த ஏற்பாடுகளைப் படிக்கத் தெரிவதுதான் முதுகுப்பைப் பயணியின் அடிப்படைத் திறமை. அதில் மும்பைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதையில் ஓடி வந்து சேர்ந்த இடம் குர்லா. நூறு வருடமாக அந்தப் பாதையை ஒட்டி வாழ்கிற ஒரு வட்டாரத்தில், பத்து வயதுப் பிள்ளைகூட இண்டிகேட்டரைப் பார்த்து ஸ்லோவா ஃபாஸ்ட்டா, பன்வெல்லா அந்தேரியா என்று சொல்லிவிடும். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதும், எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று முன்கூட்டியே நகர்வதும் அதற்குப் பழக்கமாகியிருக்கும்.

கோலாலம்பூரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே எல்ஆர்டி, 2003இல் வந்த மோனோரயில், கடந்த பத்தாண்டுகளில் வந்த இரண்டு எம்ஆர்டி தடங்கள், கேடிஎம் புறநகர் ரயில் எல்லாம் ஓடுகின்றன. நகரத்தில் பார்க்க வேண்டியது என்று யாரும் சொல்கிற இடங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 'டச் அண்ட் கோ' அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அதுவே போதும். முதன்மை நிலையமான கே.எல். சென்ட்ரலை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல் சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வே ஊழியர் குடியிருப்பு. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளிகளும் யாழ்ப்பாணத்திலிருந்து போன குமாஸ்தாக்களும் குடியேறிய பகுதி அது. பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில் என்று இன்றும் அந்தத் தடம் அழியவில்லை. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போய்ப் பழகியவர் சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினால், அது பத்துமலையிலேயே கொண்டுபோய் விடும். அங்கே 272 படி, அடிவாரத்தில் 2006இல் திறந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. டூர் பஸ்ஸும் அங்கே போகத்தான் செய்கிறது. வெயில் உச்சியில் இறக்கிவிட்டு, படியேறி இறங்கிப் படம் எடுக்க நேரம் கொடுத்து, அடுத்து சாக்லேட் கடைக்கு ஓட்டிவிடுவார்கள். சொந்தமாகப் போகிறவர் காலை முதல் ரயிலில் போய், வெயில் ஏறுவதற்குள் படியேறி, கீழே இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் திரும்பலாம்.

ஊர் மாறும் விஷயத்தில்தான் பெரும்பாலான நண்பர் குழுக்கள் கோட்டை விடுகின்றன. ஏழு இரவில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று மூன்று நாட்டைக் காட்டும் பேக்கேஜ்களைப் பார்த்துப் பழகியதால், சொந்தமாகத் திட்டம் போடும்போதும் அதே பட்டியலைப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் அரை நாள் போகும். டிக்கெட், பெட்டி கட்டுதல், புது விடுதி தேடுதல் என்று காசும் போகும். எட்டு நாளுக்கு ஒரே நாட்டில் இரண்டு நகரம் போதும், வழியில் ஒன்று கூடுதல் என்றால் கணக்கு சரியாக இருக்கும். மலேசியாவில் அப்படி ஒரு கோடு இயல்பாகவே அமைந்திருக்கிறது: கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. மூன்றையும் இடிஎஸ் என்ற மின்சார ரயில் இணைக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கான நிலையமான பட்டர்வொர்த் போக சுமார் நான்கு மணி நேரம் ஆகும். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தையும் ஈப்போ நிலையத்தையும் வரைந்தவர் ஆர்தர் ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். ஒன்று 1910இல் வந்தது, மற்றது 1917இல். குவிமாடமும் வளைவுமாக அவை நிற்கிற விதத்தைப் பார்த்தால், பிரிட்டிஷ் இந்தியாவின் கட்டடங்களுக்குப் பக்கத்து உறவு என்று மும்பைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. மலாக்காவை இந்த முறை விட்டுவிடலாம் என்பேன். தெற்கே தனிப்பாதையில் இருக்கும் அந்த ஊரையும் சேர்த்தால் கோடு உடைந்துவிடும்.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. கடலைக் கடந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் கால் வைத்தால், கொஞ்ச தூரத்தில் லெபு சூலியா என்ற தெரு வரும். உலகம் முழுவதிலுமிருந்து வரும் முதுகுப்பைப் பயணிகள் பல பத்தாண்டுகளாகத் தங்கும் மலிவு விடுதிகள் அந்தத் தெருவிலும் அதன் குறுக்குச் சந்துகளிலும்தான் இருக்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்யப் போன தமிழ் முஸ்லிம்களான சூலியர்களின் பெயரைத் தாங்கிய தெரு அது. 1786இல் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அவர்கள் அங்கே இருந்தார்கள். 1801இல் காதர் மொஹிதீன் என்ற அவர்களுடைய தலைவர் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சற்றுத் தள்ளி நிற்கிறது. 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், சீனர்களின் குலக்கோயில்களும் நடந்து போகும் தூரத்திலேயே. 2008இல் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தக் கலப்புக்காகத்தான். நாசி கண்டார் பிறந்ததும் இந்த ஊரில்தான். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது. இன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, பரிமாறுபவர் நம் முகத்தைப் பார்ப்பார். கோழியா, மீன் தலையா, கணவாயா, மீன் முட்டையா, வெண்டைக்காயா, விரலால் காட்ட வேண்டும். கடைசியில் நாலைந்து குழம்புகளை ஒவ்வொரு கரண்டியாக ஒன்றின்மேல் ஒன்று ஊற்றுவார். நாலும் சேர்ந்து அந்தச் சோற்றில் ஊறும்போது வருகிற ருசியைத் தனித்தனிக் கிண்ணத்தில் பரிமாறினால் பெற முடியாது. கணவாயும் பெரிய இறாலும் விலையைத் தூக்கிவிடும் என்பதால் அவற்றைக் காட்டுவதற்கு முன் விலை கேட்டுவிட வேண்டும். தூக்கிய கரண்டி கீழே இறங்கிவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை.

பெருநகரம் என்றால் செலவு அதிகம் என்பது வழக்கமாக வரும் மறுப்பு. தனி ஒருவருக்கு அதில் உண்மை உண்டு. நால்வராகப் போகும்போது கணக்கு மாறுகிறது. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு 28 நிமிடத்தில் போகும் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸுக்கு ஓர் ஆளுக்கு 55 ரிங்கிட். நான்கு பேர் தனித்தனியே எடுத்தால் 220. அதே நால்வர் கிராப் காரில் போனால் அதைவிட மிகக் குறைவாகவே ஆகும். பஸ்ஸில் போனால் இன்னும் குறையும். வெளிநாட்டவரிடம் மலேசியா வாங்கும் சுற்றுலா வரியும் தலைக்கு இல்லை, அறைக்குத்தான், இரவுக்கு 10 ரிங்கிட். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைகள் பல இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், ஆகவே அறையோடு சேர்த்துக் காலைச் சாப்பாடு வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செலவைத் தீர்மானிப்பது எந்த ஊர் என்பதைவிட எத்தனை ஊர் என்பதும், ஏழு கிலோ கைப்பையோடு நிறுத்திக்கொள்கிறோமா என்பதும்தான். மலிவு விமானங்களில் கூடுதல் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நாள் சாப்பிட்டுவிடலாம்.

பாதுகாப்பு பற்றிய கவலை இதைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் சேர்ந்து போகிறார்கள் என்றால் வீட்டில் தூக்கம் வராது. அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அது பெருநகரத்துக்கு எதிரான வாதமாகாது. 1992இல் லேடீஸ் ஸ்பெஷல் ஓடத் தொடங்கிய மும்பையில் வளர்ந்தவர்களுக்கு, 2010 முதல் கேடிஎம் புறநகர் ரயிலில் இருக்கும் பெண்கள் பெட்டி புதிதாக இருக்காது. இரவிலும் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும் இடம், ஆள் அரவமற்ற கடற்கரை விடுதியைவிடப் பத்திரம். கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பவர்கள் உண்டு என்பதால் நடைபாதையில் உள்பக்கமாக நடக்க வேண்டும், பை சாலைப் பக்கம் தொங்கக் கூடாது. இதைவிட இந்திய இளைஞர்களுக்கென்றே உள்ள ஓர் ஆபத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி, மியன்மாருக்குக் கடத்திக்கொண்டுபோய் இணைய மோசடியில் அடைத்துவைக்கும் கும்பல்கள் பற்றி 2022இல் நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அதற்குப் பிறகு, நாலு பையன்கள் சேர்ந்து விசா இல்லாமல் வந்து நின்றால் எந்த ஊர் அதிகாரிக்கும் சந்தேகம் எழுவது இயற்கை. திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, கையில் போதிய பணம் மூன்றும் காகிதத்திலேயே இருக்கட்டும். எந்த ஊரில் எத்தனை நாள் என்று கேட்டால் நால்வரும் ஒரே பதிலைச் சொல்லட்டும். அங்கே போய் யாராவது வேலை தருகிறேன் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிய வேண்டும். தெரிந்தவர், தூரத்துச் சொந்தம், தெருவில் நாள்தோறும் பார்ப்பவர் யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'குருவி' வேலைக்கு இளைஞர்களின் பை வசதியானது என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனையை மலேசியா 2023இல் நீக்கியது. ஆனால் மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்ற பதிலை நம்பவைப்பது அந்த நாட்டு நீதிமன்றத்தில் மிகக் கடினம்.

நண்பர்களோடு போனால் நட்பு முறிந்துதான் திரும்பும் என்பாரும் உண்டு. பெரும்பாலும் அது எண்ணிக்கையால் வருகிற சண்டை. நாலு பேர் ஒரு காரில் அடங்குவார்கள், ஒரு மேசையில் உட்காருவார்கள். எட்டுப் பேர் போனால் எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்கவே ஒரு மணி நேரம் போகும். மும்பைக் கல்லூரிகளில் பழகிய 'டிடிஎம்எம்', அதாவது உன் காசு உனக்கு என் காசு எனக்கு, பயணத்துக்கு உதவாது. ஒவ்வொரு டீக்கும் கணக்குப் பார்க்க வேண்டிவரும். அறை, போக்குவரத்து, சாப்பாடு மூன்றுக்கும் எல்லாரும் சமமாகப் போட்டு ஒரு பொதுப்பணம் வைத்து, ஒருவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. மற்றவை அவரவர் சொந்தச் செலவு. அந்தத் தொகையை நால்வரில் யாருக்குக் கை இறுக்கமோ அவருடைய சக்திக்கு ஏற்றாற்போல நிர்ணயிக்க வேண்டும். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதால் மற்ற மூவரும்தான் முதலில் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நாள் அவரவர் விருப்பப்படி தனித்தனியே சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குக் கூடலாம். ரயில் உள்ள ஊரில் மட்டும்தான் அது முடியும். வாடகை வண்டி ஒன்றை நம்பிப் போகும் மலைப்பயணத்தில் நால்வரும் நாள் முழுக்க ஒன்றாகத்தான் கிடந்தாக வேண்டும்.

இந்தியாவையே முழுக்கப் பார்க்காதவருக்கு வெளிநாடு எதற்கு என்பார்கள். பார்க்கட்டும், இதையும் பார்க்கட்டும். கல்சூபாய்க்குப் போனவர்தான் பினாங்குக்கும் போகிறார். இதைவிட நான் மதிக்கும் கேள்வி வேறு: மும்பைத் தமிழர் இவ்வளவு தூரம் போய் அங்கேயும் தமிழரையே பார்ப்பதா, அதற்குப் பேர் வெளிநாட்டுப் பயணமா? மும்பையில் தமிழ் வீட்டுக்குள் பேசும் மொழி. கதவைத் தாண்டியதும் வாய் தானாகவே ஹிந்திக்கு மாறிக்கொள்ளும். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். மலேசியாவிலோ 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளாக, அரசின் தேசியக் கல்வி முறைக்கு உள்ளேயே நடக்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் நாலைந்து தலைமுறை உழைத்தவர்களின் பிள்ளைகள் அவற்றில் படித்திருக்கிறார்கள். ஹிந்தி அங்கே செல்லாது. திலக் நகரிலிருந்து போகும் நால்வரில் ஒருவர் மராத்தி, ஒருவர் மலையாளி, ஒருவர் குஜராத்தி என்று இருப்பதே வழக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் சிம் கார்டு வாங்கவும், ஜார்ஜ் டவுனில் சோற்றுக்கு விலை கேட்கவும், தண்டவாளத்தின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு பெரியவரை நிறுத்திக் கேட்கவும் அந்தக் கூட்டம் முழுவதும் தமிழ்ப் பிள்ளையின் வாயைத்தான் பார்க்கும். ஊரில் பாட்டியோடு பேசுவதற்கு மட்டும் என்றிருந்த மொழி, அங்கே தெருவில் வேலை செய்யும் மொழியாகிறது. எதிரே இருப்பவரும் மலாயும் தமிழும் கலந்து பதில் சொல்லிவிட்டு, "எந்த ஊர்?" என்று கேட்பார். மும்பை என்றால் நம்பமாட்டார்; அங்கேயும் தமிழர் இருக்கிறார்களா என்று மறுபடி கேட்பார். தாராவியையும் மாட்டுங்காவையும் செம்பூரையும் அவருக்கு விளக்க வேண்டிவரும். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த தன் குடும்பக் கதையை அவரும் சொல்வார். டூர் பஸ்ஸில் ஹிந்தி தெரிந்த வழிகாட்டி ஒருவர் காலையிலேயே ஏறிக்கொள்வார், இந்தப் பேச்சுக்கு அங்கே வழியே இருக்காது.